மொரிஸ் கண்ணாடிக்கு ஒரு பித்தளை நட்

றஸ்மி: மொரிஸ் மைனரா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்க.

ஃபஹ்மியா: மைனர்தான். வாப்பாட காரு எனக்குத் தெரியாதா?

றஸ்மி: மைனர்ட முன்கண்ணாடி திறக்காதே... நீங்க கொண்டு வந்த இந்த நட், கண்ணாடிய வெளியால தள்ளித் திறந்தா அது விழாமப் பிடிக்கிற கைய இறுக்கிறதுக்கு.

ஃபஹ்மியா: அப்ப... மைனருக்கு மூத்தது. மைனர்ட வாப்பா மாதிரி ஒண்டு.

றஸ்மி: மொரிஸ் எயிட்.

ஃபஹ்மியா: அதேதான்! வாயில வரல்ல.

றஸ்மி: ம்... ஒரு பக்கத்து நட் இருக்கு, மத்தப் பக்கத்தது துலைஞ்சு போச்சு. அப்படித்தானே?

ஃபஹ்மியா: ஓம் நானா. சிலாபத்துலயும் கேட்டாச்சு, புத்தளத்துலயும் கேட்டாச்சு. முந்தல் ஊருல லேத் பட்டறை வச்சிருக்கிற றஸ்மிட்ட போங்க எண்டுதான் எல்லாரும் சொன்னாங்க. இதப் பாத்து இதே மாதிரி இன்னொண்டு செஞ்சு தாங்க.

றஸ்மி: செய்யலாம். ஆனா ஒண்டு... நானா எண்டு அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட வேணாம்.

ஃபஹ்மியா: ஏன்? பட்டறைக்காரர எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுற?

றஸ்மி: மத்தவங்க கூப்பிடட்டும். உங்கட பேர்?

ஃபஹ்மியா: ...ஜெமீலா.

றஸ்மி: ஜெமீலா. ம்... நல்ல பேர். கதிரைய நிழலுக்கு இழுத்துப் போட்டு இருங்க. ஒரு மணித்தியாலம் எடுக்கும்.

ஃபஹ்மியா: இந்தச் சின்ன நட்டுக்கா!

றஸ்மி: இதுட மரை பழைய இங்கிலீசுக்காரன்ட அளவு. கடையில விக்கிற மில்லிமீற்றர் நட் இதுல ஏறாது, நானேதான் வெட்டணும். பொறகு ஓரத்தப் பாருங்க, விரல் வழுக்காம இருக்கப் பல்லுப் பல்லா இருக்கு. ஒவ்வொண்டா அரத்தால ராவணும். நாப்பத்தெட்டுப் பல்லு.

ஃபஹ்மியா: எண்ணாமலே சொல்றீங்க?

றஸ்மி: ...கைப்பழக்கம்.

ஃபஹ்மியா: இரும்பாலயா செய்யப் போறீங்க?

றஸ்மி: உப்புக்காத்து இரும்ப ஆறு மாசத்துல திண்டிரும். இது கற்பிட்டி வள்ளமொண்டுட பழைய எஞ்சின்ல எடுத்த பித்தளை. எப்பத் தேவை உங்களுக்கு?

ஃபஹ்மியா: இண்டைக்கே. நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே. தங்கச்சிக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திருக்கு. ஜும்ஆத் தொழுகை முடிய வாப்பா பதில் சொல்லணும்.

றஸ்மி: பதில் சொல்ல என்னத்துக்குக் கார்?

ஃபஹ்மியா: வாப்பா காருல போய்த்தான் சொல்லுவாரு! நீங்க வேலையப் பாருங்க.

றஸ்மி: சரி, சரி... மாப்பிள்ளை என்ன செய்றாராம்?

ஃபஹ்மியா: ஏதோ இரும்பு வேலையாம். இந்தப் பக்கத்து ஆள்தான்.

றஸ்மி: பாவம்.

ஃபஹ்மியா: யாரு?

றஸ்மி: உங்கட தங்கச்சி. சட்டையில இருக்கிற கிறீஸ் என்னத்தப் போட்டாலும் போகாது.

ஃபஹ்மியா: கிறீஸ் எண்டாப் பரவாயில்ல... அவ ஒருதரம் கலியாணம் முடிச்சு, பொறகு உறவ வெட்டிக்கொண்டவ. இறால் பண்ணையில தண்ணி பரிசோதிக்கிற வேலை. அந்த வேலை எண்டா அவவுக்கு உசிரு. முதல் ஆளு வேலைக்குப் போகாத எண்டான். பொறகு சத்தமாச் சிரிக்காத எண்டான். ரெண்டு வருசம் வாயப் பொத்திக்கொண்டு ஊட்டுக்குள்ள இருந்தா. இன்னொருக்கா அப்படி இருக்க அவவால ஏலா.

றஸ்மி: இந்த மாப்பிள்ளை அப்படியெல்லாம் சொல்லல்லியே.

ஃபஹ்மியா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

றஸ்மி: தெரியாது... சொன்னாரா எண்டு கேட்டன்.

ஃபஹ்மியா: கேக்கிற மாதிரி இல்லியே! சரி, நீங்களும் ஒரு ஆம்பிளைதானே. மாப்பிள்ளைட இடத்துல இருந்தா என்ன சொல்லுவீங்க?

றஸ்மி: எனக்கு வடிவாக் கதைக்க வராது...

ஃபஹ்மியா: வந்த மாதிரிக் கதைங்க.

றஸ்மி: தண்ணி கெட்டுப் போனா, விடியக்குள்ள ஒரு குளத்து இறால் முழுக்கச் செத்து மிதக்கும். நான் கண்டிருக்கன். பெரிய பெரிய முதலாளிமாரெல்லாம் வரம்புல இருந்து அழுவாங்க. அத முந்தியே கண்டுபிடிக்கிற ஆள ஊட்டுக்குள்ள வச்சிருக்கிறவன் மடையன். பஸ் வராத நாளுல நானே கொண்டு போய் விட்டிருவன்.

ஃபஹ்மியா: நீங்களா?

றஸ்மி: மாப்பிள்ளை! மாப்பிள்ளை கொண்டு போய் விடுவாரு எண்டு சொன்னன்.

ஃபஹ்மியா: ஓ... சிகரட் குடிப்பீங்களா?

றஸ்மி: இல்ல. இதுவும் தங்கச்சிக்கா?

ஃபஹ்மியா: காருக்கு. உங்கட உம்மா? கொஞ்சம் கடுமையான ஆளோ?

றஸ்மி: காருக்கு உம்மாவும் வேணுமா?

ஃபஹ்மியா: சும்மா இருக்க ஏலாமக் கேக்கிறன். கோவம் வருமா உங்களுக்கு?

றஸ்மி: எப்பயாச்சும் வரும்.

ஃபஹ்மியா: எங்க, அத இங்க தாங்க. எவ்வளவு முடிஞ்சிருக்கு எண்டு பாப்பம்... அல்லாஹ்! விழுந்திட்டு!

றஸ்மி: ஆ... சீமெந்துத் தரையில.

ஃபஹ்மியா: என்ன ஆச்சு?

றஸ்மி: நாலு பல்லு நசிஞ்சிட்டு.

ஃபஹ்மியா: கை வழுக்கிட்டு...

றஸ்மி: வழுக்காம இருக்கத்தானே அந்தப் பல்லு வெட்டின.

ஃபஹ்மியா: கோவம் வரல்லியா?

றஸ்மி: வந்திச்சு.

ஃபஹ்மியா: நான் காணல்லியே?

றஸ்மி: நீங்க கீழ குனிஞ்சு தேடக்குள்ள வந்திட்டுப் போயிட்டு... ஏன் சிரிக்கிறீங்க? ...என்ன இது, விடாமச் சிரிக்கிறீங்க!

ஃபஹ்மியா: ஐயோ... மிச்சம் சத்தமாச் சிரிச்சிட்டன் என்ன? றோட்டால போறவங்க பாக்கிறாங்க...

றஸ்மி: பாக்கட்டும். லேத் ஓடக்குள்ள எனக்கு ஆரு கூப்பிட்டாலும் கேக்கிறல்ல. உங்கட சிரிப்புக் கேட்டுச்சு. நல்ல விசயம்தானே?

ஃபஹ்மியா: ...நீங்க வேலையச் செய்யுங்க.

றஸ்மி: செய்றன், செய்றன். பிளேன்ரீ குடிக்கிறீங்களா?

ஃபஹ்மியா: வேணாம்... சரி, ஒண்டு தாங்க. சீனி குறைச்சு.

றஸ்மி: ...இந்தாங்க. இதையும் பிடிங்க, முடிஞ்சுது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஃபஹ்மியா: மாஷா அல்லாஹ்! எது நான் கொண்டு வந்தது எண்டு எனக்கே தெரியல்ல. எவ்வளவு தர?

றஸ்மி: என்ட காருக்குச் செஞ்ச சாமானுக்கு உங்கள்ட்ட எப்படிக் காசு எடுக்கிற, ஃபஹ்மியா?

ஃபஹ்மியா: உங்கட காரா? அது வாப்பாட... பொறுங்க, என்ன பேர் சொன்னீங்க?

றஸ்மி: சண்டை முடிஞ்ச பொறகு மன்னாருல ஒரு கொட்டிலுக்குள்ள இருந்து என்ட மொரிஸ இழுத்துக்கொண்டு வந்தன். கண்ணாடிக்கு ஒரு நட்டும் இருக்கல்ல. நீங்க கொண்டு வந்தது போன மாசம் நானே செஞ்சது. நேத்துக் காலைல இருந்து காணல்ல.

ஃபஹ்மியா: யா அல்லாஹ்! பழைய இரும்புக் கடையில எடுத்தது எண்டு சொல்லித்தானே றுமானா எனக்குத் தந்தா!

றஸ்மி: பண்ணையில உங்களோட வேலை செய்ற றுமானாதானே? அவ என்ட கூடப் பிறந்த ராத்தா எண்டு தெரிஞ்சும் நம்பினீங்களா? கலியாணப் பேச்சுக்கு எனக்கு உங்கட போட்டோவக் காட்டினதும் அவதான்.

ஃபஹ்மியா: அப்ப நான் வந்த உடனேயே...

றஸ்மி: பஸ்ஸால இறங்கக்குள்ளயே தெரியும். ஒருதரமாவது உங்கள தங்கச்சி எண்டு கூப்பிட்டனா?

ஃபஹ்மியா: பொறகென்னத்துக்கு ஒரு மணித்தியாலம் அரத்த வச்சு ராவிக்கொண்டு இருந்தீங்க?

றஸ்மி: பல்லுப் போடுற உருளை அந்தா மேசையில கிடக்கு. அதால செஞ்சா அஞ்சு நிமிச வேலை. நீங்க பத்தரை பஸ்ஸுக்குப் போயிருப்பீங்க.

ஃபஹ்மியா: சரியான கள்ளன்!

றஸ்மி: இல்லாத தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கிறவங்க என்னைச் சொல்றீங்க. வாப்பாட்ட மெய்யா என்ன வாகனம் இருக்கு?

ஃபஹ்மியா: சைக்கிள்... அதுவும் காத்துப் போனது. சிரிக்காதீங்க!

றஸ்மி: சிரிக்கல்ல. நீங்க இவ்வளவு நேரமும் கேட்டீங்க, நானும் ஒண்டு கேக்கிறன். இனி ஒளிக்காமச் சொல்லுங்க... என்னத்துக்கு வந்தீங்க?

ஃபஹ்மியா: ...வேணாம் எண்டு சொல்லத்தான் நினைச்சிருந்தன். வாப்பா காரணம் கேப்பாரு. உங்கள்ட்ட ஏதாச்சும் ஒரு குறையப் பிடிச்சுக்கொண்டு போகத்தான் வந்தன்... ஒரு மணித்தியாலமாப் பாத்திட்டன், ஒண்டும் கிடைக்கல்ல.