அவர் பொத்தானை அழுத்தினார்

மேடையில் இருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் மகளோடு இருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம்.

நம் தலைமைக் கணினிப் பொறியாளரை முகத்துக்கு நேரே அண்ணே என்போம், முதுகுக்குப் பின்னால் கோடாலி என்போம். அவர் இறந்து இன்றோடு ஒன்பது நாள். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தங்கமான மனிதர் என்றார்கள். தங்கமா? பதினோரு வருடம் ஒரே அறையில் அவரோடு குப்பை கொட்டியவன் நான். கோபத்தில் மூன்று விசைப்பலகைகளை உடைத்தவர் அவர். நான் எழுதிய நிரலை அச்செடுத்து என் கண்ணெதிரே கிழித்துப் போட்டு, "இத எழுதுன கைய மெஷின்ல குடு, அதாச்சும் உருப்படியா எதையாச்சும் பண்ணட்டும்" என்றவர். அந்தக் கோபத்தால்தான் இங்கே பலர் பத்து விரலோடு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எப்படி என்று சொல்கிறேன். தகடு தூக்கும் இயந்திரக் கரத்தின் மின்சாரத்தைச் சட்டென்று வெட்டினால் நானூறு கிலோ தகடு கீழே இருப்பவர் தலையில் விழும். அதனால் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், கணினிக்குள் இருக்கும் ஒரு நிரல்தான் கரத்தைப் பக்குவமாக நிறுத்த வேண்டும். கணினியில் முதலில் கண் விழிப்பது கெர்னல் என்னும் மைய நிரல். எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம் என்று பங்கு போடுவது அதன் வேலை. இடம் தீர்ந்துபோனால் ஏதாவது ஒரு நிரலைப் பிடித்துக் கொன்றுவிடும். நான் மிகைப்படுத்தவில்லை, எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே கொல்வதுதான். அது நிறுத்தும் நிரலையே கொன்றால்? அதைத் தடுக்கத்தான் அண்ணன் ஒரு வரி எழுதினார். கெர்னல் எழும்போது ஒரே ஒரு முறை அந்த வரியைப் படிக்கும். நிறுத்தும் நிரலுக்கு அறுபத்து நான்கு மெகாபைட்டை ஒதுக்கி வை, வேறு யாருக்கும் தராதே என்பதுதான் அந்த வரி.

அதற்கு ஒரு விதியும் வைத்தார். அந்த வரியைத் தொட்டவன் நினைவகத்தை வேண்டுமென்றே முழுக்க நிரப்ப வேண்டும். கரத்தை ஓடவிட்டு, கரத்தைச் சுற்றியிருக்கும் வேலிக்குள் அவனே போய் நிற்க வேண்டும். வெளியே இருந்து இன்னொருவர் பொத்தானை அழுத்துவார். நானும் ஒருமுறை நின்றேன். கரம் என் தாடைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. என் கால்சட்டை நனைந்துவிட்டது. "உசுரு இருக்குல்ல? அப்ப வேலை முடிஞ்சுது. போய் மாத்திக்கிட்டு வா" என்றார். சிரிக்கலாம், தப்பில்லை. அவரும் சிரித்தார்.

போன மாதம், தகட்டைக் கண்காணிக்கும் கேமராவின் படங்களுக்கு நினைவகம் போதவில்லை. நான் அறுபத்து நான்கை எட்டாகக் குறைத்தேன். ஆம், நான்தான். கணினியை மறுபடி எழுப்பினேன். நினைவகத்தை நிரப்பவில்லை. வேலிக்கு வெளியே பத்திரமாக நின்றுகொண்டு பொத்தானை அழுத்தினேன். கரம் நின்றது. அதற்கு மேல் சோதிக்க எனக்குப் பயம். வேறு காரணமே இல்லை.

ஒன்பது நாளுக்கு முன் வேலிக்குள் தகடு ஒன்று சிக்கிக்கொண்டது. அண்ணன் வேலியருகே வந்தார்.

"அந்த வரிய மாத்துனியாமே. நிரப்பிப் பாத்தியா?"

"பாத்துட்டேண்ணே."

"உள்ள நின்னியா?"

"நின்னேண்ணே."

அவர் பொத்தானை அழுத்தினார். கரம் அசையவில்லை. உள்ளே போனார். ஆனால் கரம் பொத்தானுக்குக் கட்டுப்பட்டு நிற்கவில்லை, அடுத்த தகட்டுக்காகத்தான் காத்திருந்தது. எட்டு மெகாபைட் போதாமல், கெர்னல் நிறுத்தும் நிரலைக் கொன்று ஆறு நிமிடம் ஆகியிருந்தது. கரம் சுழன்று வந்து அவர் மார்பில் அடித்தது. தூணோடு வைத்து நசுக்கியது. விலா எலும்பு முறிகிற சத்தம் பட்டறை இரைச்சலையும் மீறிக் கேட்டது. அங்கே இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் பொத்தானைக் குத்திக் குத்தித் தன் கையையே கிழித்துக்கொண்டார். பிறகு ஓடிப்போய் மின்சாரத்தை வெட்டினார். அதற்குள் அண்ணனின் வாயிலிருந்து வந்த ரத்தம் கரத்தின் மூட்டுக்குள் இறங்கியிருந்தது.

இவ்வளவும் நடந்த பிறகு, ஆலையின் விபத்து அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறார்கள்? பொத்தானை அழுத்தாமல் உள்ளே போனாராம். நிறுத்தப் பதிவேட்டில் அழுத்தியதற்குக் குறிப்பு இல்லையாம். அந்தப் பதிவை எழுதுவதும் அதே நிரல்தான். செத்த நிரல் எப்படி எழுதும்? கெர்னல் தன் குறிப்பில், அதைக் கொன்ற நேரத்தை நொடி பிசகாமல் எழுதி வைத்திருக்கிறது. அன்று மாலையே அதைப் படித்தேன். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அண்ணி என்னைக் கேட்டார்: "இத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்தவரு, அவரே அழுத்த மறந்துட்டாரா தம்பி?"

மறக்கவில்லை அண்ணி. அவர் அழுத்தினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கெர்னலின் குறிப்பையும், நான் கையெழுத்திட்ட கடிதத்தையும் இன்று காலை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். வரி மறுபடி அறுபத்து நான்கு ஆகிவிட்டது. மேலாளர் அவர்களே, கேமரா இருட்டடித்தாலும் இனி அதை யாரும் தொடக் கூடாது. அண்ணன் விட்ட பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி எடுத்தீர்கள். அந்த உறுதியை எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. எங்கே நிறுத்திக் கேட்டாலும் இதையே சொல்வேன் என்பது மட்டும்தான் என் உறுதி.

எவன் பேச்சையும் நம்பாதவர் கோடாலி. அன்றைக்கு என் பேச்சை நம்பி உள்ளே போனார்.

அண்ணி, நான் கீழே இறங்கி உங்களிடம் வருகிறேன். அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அடியுங்கள்.