தானாக நின்ற சட்டை

யுத்த காலம். அருப்புக்கோட்டையில் அளவாகத் துணி கொடுக்கும் கண்ட்ரோல் கடை வரிசை. எனக்கு முன்னால் நின்ற தறிக்கார வீட்டுப் பெண், திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த தோழியிடம் சொன்னாள்:

"அந்தச் சட்டை தானா நின்னுச்சுக்கா."

தோழியின் கழுத்தில் சிலுவை ஆடியது. "நான் சொல்லிக்குடுத்ததா? கொக்கி ஊசியில ரெண்டு சதுரம் பின்னி, தோள்ல மூட்டுன்னுதானே சொன்னேன்?"

"அப்படித்தான் செஞ்சேன். தறியில மிஞ்சுன துண்டு நூலு. முதல்ல கஞ்சி போட்டேன்."

"பின்னுற நூலுக்கு யாராச்சும் கஞ்சி போடுவாகளா?"

"தறியில ஏத்துற பாவு நூலுக்குப் போட்டுப் பழகுன கை, தன்னால போயிருச்சு. தரையில வச்சா ஆளு கணக்கா நிக்குது. எம் மகன் அதுக்கு வணக்கம் வச்சான்."

தோழி சிரித்து ஓய்ந்தாள். "பெறகு?"

"சுடுதண்ணியில அலசுனேன், பூவா ஆயிருச்சு. நேத்து அதப் போட்டுட்டுத்தான் பள்ளிக்கூடம் போனான். எந்தக் கடையில வாங்குனதுன்னு வாத்தியாரு கேட்டாராம்."

"மொதச் சட்டையிலயே கெட்டிக்காரி ஆயிட்டியே! பெறகு எதுக்கு வெயில்ல நிக்கிறே?"

"உங்க மகளுக்குப் பாவாடைத் துணி வேணும்னீகளே. பெட்ரோல் இல்லாம கரியில ஓடுற உங்க பஸ்ஸு வாறதுக்குள்ள துணி தீந்துட்டா? அதான் வெள்ளனவே வந்து நின்னேன். இந்தாங்க, உங்க இடம்."

வரிசையில் ஆள் மாறினால் சண்டைக்குப் போகிறவன் நான். அன்று நானே ஓரடி பின்னால் நகர்ந்து இடம் விட்டேன்.