வாப்பா வராத கதை

பிள்ளைகளோடு பேசும்போது நான் கதிரையில் உட்காருவதில்லை. பாய் விரித்து, அவர்களுடைய உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்தால்தான் கூச்சம் போகும். கற்பிட்டிப் பக்கப் பாடசாலைகளுக்குப் பல வருடங்களாக இப்படித்தான் போய் வருகிறேன், சேர். சிறுவர் கதை எழுதுகிறவள் நான். எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கண்டுவிட்டால் எனக்கு அன்று சாப்பாடு தேவையில்லை.

ஆலங்குடாவில் பஹ்மாவைக் கண்டேன். ஆறாம் வகுப்பு. மற்றவர்கள் சிங்கம், முயல் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். கொடியில் காயும் உம்மாவின் உடுப்புகளைக் காற்று போட்டுப் பார்ப்பதாக அவள் எழுதியிருந்தாள்.

ஒரே குறைதான். எந்தக் கதை எழுதினாலும் கடைசியில் வாப்பா கடலிலிருந்து வந்துவிடுவார், எல்லோரும் சாப்பிடுவார்கள்.

"முடிவ மாத்திப் பாருங்க மகள். வாப்பா வரல்ல எண்டு எழுதுங்க" என்றேன்.

சிரித்துவிட்டாள். "வாப்பா வராம நாங்க எப்பிடி மிஸ் சாப்பிடுற?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எதையும் இழந்து பார்க்காத பிள்ளை. என் வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது எனக்கும் அவள் வயதுதான். அந்த வருடம்தான் நான் எழுதத் தொடங்கினேன்.

ஒரு நாள் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். தகப்பன் ஹயாத்து முகம்மது கடலுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

"எங்கட மகள் எழுத்தாளரா வருவாளா மிஸ்?"

"ஓம், கட்டாயம் வருவா" என்றேன்.

அவர் அஸர் தொழப் பள்ளிக்குப் போனார். தாய் றம்லா தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குள் போனாள். பஹ்மா எனக்கு பிஸ்கட் வாங்கக் கடைக்கு ஓடியிருந்தாள். படகுக்குக் கொண்டுபோகும் பெற்றோல் கேன் கிணற்றடியில் இருந்தது. மூடியைத் திறந்து, வாளியிலிருந்த தண்ணீரை அதற்குள் ஊற்றினேன். பக்கத்து வீட்டு அகீலா வேலிக்கு மேலால் கண்டதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் சொல்வது சரி.

நடுக்கடலில் இன்ஜின் நின்றால் யாராவது இழுத்து வருவார்கள் என்று நினைத்தேன் என நான் உங்களிடம் சொல்லலாம். அப்படி நினைக்கவில்லை. அது கச்சான் காற்றுக் காலம். கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

கவிழ்ந்த படகைத்தான் முதலில் கண்டார்கள். உடல் நுரைச்சோலைக் கரையில் ஒதுங்கியது. இன்ஜின் பழசு என்று ஊரில் கதைத்தார்கள்.

நான் காத்திருந்தேன். பிள்ளைகளை அவசரப்படுத்தக் கூடாது. றம்லா துக்கம் காத்து வீட்டுக்குள் இருந்த இத்தாக் காலம் முடிந்தபின், தாயும் மகளும் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். பஹ்மா பாடசாலைக்கு வருவதில்லையாம். தோட்டத்துக்கே போனேன். மண்ணில் குந்தி வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏதும் எழுதினீங்களா மகள்?"

அவள் நிமிரவில்லை.

"எழுதி யாருக்கு மிஸ் வாசிச்சுக் காட்டுற? வாப்பாதானே கேப்பாரு."

அடுத்த பிடி வெங்காயத்தைப் பிடுங்கினாள். நான் வற்புறுத்தவில்லை.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், சேர், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அவள் சொன்ன அந்த வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். போன வருடம் அவளுக்கு அப்படியொரு வரி வந்திருக்காது.