பஞ்சுக்குச்சியில் இரண்டு பேர்

ஊசிக்கே பயப்படாத ஆள் நான். கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தபோது நான் முகம் சுளித்தேன் என்று உங்கள் உதவியாளர் எழுதியிருந்தால், தயவுசெய்து அதைத் திருத்திவிடுங்கள். அவர் கையுறையில் வெங்காய வாடை அடித்தது, அவ்வளவுதான்.

போன வாரம் எடுத்த மாதிரியில் இரண்டு பேருடைய மரபணு கலந்து வந்திருப்பதால் மறுபடி கூப்பிட்டதாகச் சொன்னீர்கள். ஆய்வகத்துப் பெண் குச்சியை மாற்றித் தொலைத்துவிட்டாள் என்று திட்டவும் செய்தீர்கள். அவளைத் திட்டாதீர்கள் இன்ஸ்பெக்டர் சார். எத்தனை தடவை தேய்த்தாலும் இரண்டு பேர்தான் வருவார்கள். ஒருவர் நான், இன்னொருவர் என் அக்கா. என் தலைமுடியில் ஒன்றை வேரோடு பிடுங்கி அனுப்புங்கள், அதில் நான் மட்டும் இருப்பேன்.

ரத்தப் புற்றுநோய் வந்து செத்துப் பிழைத்தவன் நான். எலும்பு மஜ்ஜை கொடுத்தது அக்கா. எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் வேடிக்கையாகச் சொன்னார்: “இனிமே உங்க உடம்புல ஓடுறது உங்க அக்கா ரத்தம். டெஸ்ட் பண்ணா பொம்பளைன்னுதான் வரும், பாத்துக்கோங்க.” அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவர் என்னை ‘மச்சினி’ என்றுதான் கூப்பிடுவார், கடைக்கு வருகிறவர்கள் எதிரிலும் கூட. அதற்காக நான் அவரை வெறுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கேலி செய்ததற்கெல்லாம் ஒருவரைக் கொன்றால் ஊரில் அத்தான்களே மிஞ்ச மாட்டார்கள்.

அவர்கள் வீட்டிலேயேதான் இருந்தேன். அக்கா என் தட்டைத் தனியாகக் கொதிநீரில் அலசுவாள், என் போர்வையைத் தினமும் வெயிலில் போடுவாள். உடம்பு தேறியதும் அத்தானுடைய கண்ணாடிக் கடையில் வேலைக்கு உட்கார்ந்தேன். முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டுவது, படங்களுக்குச் சட்டம் போடுவது. சொர்க்கம் மாதிரிதான் இருந்தது.

ஒருநாள் கடையின் பின்பக்கம் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முன்னால் அக்காவின் குரல் கேட்டது.

“அவன்தான் தேறிட்டானே. பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துக் குடுத்துடலாம். நாமளும் நம்ம வாழ்க்கையைப் பாக்க வேணாமா?”

அத்தான் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சொன்னது அக்கா. அத்தான் பாவம், அவசரப்படாதே என்று கூடச் சொன்னார். உயிர் கொடுத்தவளே கை கழுவப் பார்த்தால் மனிதன் எங்கே போவான்? அவ்வளவு பெரிய துரோகத்தை அதுவரை எனக்கு யாரும் செய்ததில்லை, என் நோய் கூட.

அத்தான் இல்லாவிட்டால் அவளுக்கு என்னை விட்டால் யார்? அப்படித்தான் யோசித்தேன். இருந்தும் மறுநாள் மதியம் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அக்காவிடம் பேசச் சொன்னேன். “அவளே முடிவு பண்ணிட்டா, நான் என்ன செய்யட்டும் மச்சினி?” என்று சிரித்துவிட்டு மேஜைமேல் குனிந்தார். என் கையில் நீளமான ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. நான் அதைக் கீழே வைக்கவில்லை. கழுத்து என்பதால் அவர் அதிகம் கஷ்டப்படவில்லை.

கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கூர்மைதானே. என் உள்ளங்கையும் கிழிந்தது. மேஜையிலிருந்து குழாயடி வரைக்கும் என் ரத்தம் சொட்டியிருந்தது. ஈரத்துணியை எடுத்து மண்டியிட்ட பிறகுதான் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. துணியை மறுபடி கொடியில் போட்டேன்.

அக்காவை மாட்டிவிடத் திட்டம் போட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. துடைக்காமல் விட்டேன், அவ்வளவுதான். என் கைக்கட்டைப் பற்றி நீங்கள் கூடக் கேட்கவில்லை. கண்ணாடிக் கடையில் கையில் கட்டு இல்லாதவன்தானே சந்தேகத்துக்குரியவன்.

தரையில் இருந்தது அவள் ரத்தம் என்று ஆய்வகம் சொன்னதும் அவளைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். வண்டியில் ஏறுமுன் அவள் என் கைக்கட்டைப் பார்த்தாள். “மாத்திரை அலமாரில இருக்கு. மறக்காம போட்டுக்கோ” என்றாள். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

இன்று காலை இந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் நீங்கள் சொன்னீர்கள்: “உங்க அக்கா வாயைத் திறந்துட்டாங்க. அது என் ரத்தம்தான்னு சொல்லிட்டாங்க.” ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்கு வருகிற நர்ஸ் ஒவ்வொருவரிடமும் அவள் அப்படித்தான் பேசுவாள், ‘இவன் என் ரத்தம்’ என்று. ஆகவே எனக்குப் புரிந்துபோனது. என் பெயரைச் சொல்லாமல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். கூடப் பிறந்தவளே, ஒன்றுக்கு இரண்டு முறை. நெஞ்சு பற்றி எரிந்தது. இனி மறைத்து யாருக்கு என்ன லாபம் என்றுதான் நீங்கள் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

“உங்களைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை சொல்லலையே. புருஷனைத் தானே கொன்னதாத்தான் ஒத்துக்கிட்டாங்க. காயம் எங்கன்னு கேட்டா மட்டும் பேசாம இருக்காங்க.”

அப்படியா.

இதை முதலிலேயே விவரமாகச் சொல்லியிருக்கலாம் சார். நானும் அவசரப்பட்டிருக்க மாட்டேன். இப்போது எனக்கு அவள்மேல் துளிக் கோபம் இல்லை. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை அல்லவா? அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். அவள் சொன்னதே இருக்கட்டும். அக்கா எனக்காக ஆசைப்பட்டுச் செய்ததைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.