தனக்குத் தானே பதில் சொன்ன கம்ப்யூட்டர்

"தோட்டத்துப் பிள்ளைக்கு நெட்வொர்க்கெல்லாம் மண்டையில ஏறுமா?" என்று, எஸ்டேட்டில் வளர்ந்த நான் நெட்வொர்க் படிக்கப் போனபோது மாமா கேட்டார்.

மலேசியாவில், கிள்ளான் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

"ஜெஞ்சாரோம் ஃபேக்டரிக்குப் போட்ட புது நெட்வொர்க் லைன் ஓகே லா. ஆபீஸ்லேர்ந்து 127.0.0.1-க்கு டெஸ்ட் பண்ணேன், உடனே பதில் வந்துச்சு."

"ஐயோ அண்ணே! அது நம்ம கம்ப்யூட்டரே தனக்கு வச்சிருக்கிற நம்பர். கேபிளைப் புடுங்கினாலும் பதில் வரும்!"

"என்னடா சொல்ற?"

"கண்ணாடியில உங்க மூஞ்சியப் பார்த்துட்டு, விருந்தாளி வந்துட்டாருன்னு சொல்றீங்க!"

"பழைய லைனை வெட்டச் சொல்லிட்டேனே, தம்பி!"

அவர் எழுந்து பெல்லை விடாமல் அழுத்தினார். இருவரும் இறங்கி எதிர்த்திசைக்கு ஓடினார்கள்.

எனக்கு அந்த எண் தெரியும். அவர்கள் சட்டையில் இருந்த அந்தக் கம்பெனிக்குத்தான் அன்று காலை நெட்வொர்க் வேலைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.