நின்றவன்தான் படத்தில் விழுவான்

வெளியே சரளைக் கல்லில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நேரம் பிற்பகல் மூன்று மணி. ஆமாம், பட்டப்பகல்தான். ஆனால் மழைமேகம் கவிழ்த்த சட்டி மாதிரி மூடிக் கிடந்தது. ஆற்றோரச் சாலை. ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு வண்டி. அதில் அண்ணன், தம்பி இரண்டு பேர்.

தம்பி யாரென்றால், என்னோடு சிமெண்டு மூட்டை தூக்குகிறானே குள்ளன், அவனுடைய மச்சான். குள்ளனுக்குப் பொய் சொல்ல வராது. பாதியிலேயே சிரித்துவிடுவான். இதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

அண்ணன் படம் பிடிப்பவன். பழைய பள்ளிவாசல்களின் உட்புறத்தை, பெரிய விளக்கு எதுவும் போடாமல், இருக்கிற மங்கல் வெளிச்சத்திலேயே பிடிப்பதில் கெட்டிக்காரன். கோபம் வந்தால் கையும் நீட்டுவான். தம்பிக்கு முன்பல் ஒன்று பாதிதான் இருக்கும். காமிராவின் மூக்கால் அண்ணன் இடித்தது. "நல்லவேளை, லென்ஸுக்கு ஒண்ணும் ஆகல" என்றானாம் அன்றைக்கு.

அந்தப் பள்ளிவாசல் ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. மறுநாள் சாரம் கட்டிப் பழுதுபார்க்கப் போகிறார்கள். அதற்குள் உள்ளே இருப்பதை இருக்கிறபடியே எடுத்துவிட வேண்டும். காவல்காரர் சாவியை நீட்டினார். நீட்டியவர் பிடியை விடவில்லை.

"மூணாவது தூண் கிட்ட மட்டும் நின்னுராதீங்க, தம்பிகளா."

"ஏன் பெரியவரே, கடிச்சுருமா?" என்றான் அண்ணன்.

"ரெண்டு கொத்தனாருங்க வேலை பாத்தாங்க. கூடப் பொறந்தவங்க. என்ன சண்டையோ... ஒருத்தன் மண்டைய ஒருத்தன் சுத்தியலால பொளந்துட்டான். கதவு உள்தாழ்ப்பாள். உடைச்சுத்தான் போனோம். அந்தத் தூணடியில செத்தவன் கெடந்தான். அடிச்சவனக் காணோம். வெளிய போக வேற வழியும் கிடையாது."

அண்ணன் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசனை. ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது. சுருட்டிய பாய்கள் ஓரமாக. நடுவில் வரிசை வரிசையாகத் தூண்கள்.

இந்த வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் புரியும். அவ்வளவு இருட்டில் காமிராவின் கண்ணை எட்டு நிமிடம் திறந்தே வைக்க வேண்டும். அசையாதது எல்லாம் படத்தில் விழும். தூண் விழும். சுவர் விழும். நடந்துகொண்டே இருக்கிற மனிதன் விழமாட்டான். அதனால் தம்பி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கைவிளக்கால் மூலைமுடுக்கைத் தடவியபடி நடப்பான். அண்ணன் காமிராவோடு நின்று விநாடிகளை உரக்க எண்ணுவான். ஒன்றிலிருந்து நானூற்று எண்பது வரை.

முதல் படம் முடிந்தது. காமிராவின் முதுகிலிருந்த சின்னத் திரையில் பார்த்தார்கள்.

மூன்றாவது தூணருகே ஓர் ஆள். முதுகு காட்டி நின்றான். ஓங்கிய கையில் சுத்தியல். கல்லில் செதுக்கிய மாதிரி அவ்வளவு துல்லியம்.

"நின்னியாடா?"

"இல்லண்ணே. நடந்துட்டேதான் இருந்தேன்."

"நடந்தவன் எப்படிடா விழுவான்? எங்கிட்டயே வேஷங்கட்டுறியா?"

விளக்கு சுற்றிச் சுற்றி வந்ததை அண்ணனும்தான் பார்த்தான். சுத்தியல் ஏது என்றுகூடக் கேட்கவில்லை. காமிராவை நிறுத்தக் கொண்டுவந்திருந்த இன்னொரு முக்காலித் தாங்கியை மடக்கி எடுத்தான். தோளில் ஒன்று. முழங்கையில் ஒன்று. தம்பி விழுந்தான். விழுந்த இடத்தில் விலாவில் உதை. ஒவ்வோர் அடியும் தூண்களுக்கிடையில் இரண்டு தடவை கேட்டது. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"எந்திரி. இன்னொண்ணு எடுக்கணும்."

எழுந்தான். ஒன்று... இரண்டு... நடந்தான். விலா குத்தியது. தொண்ணூறில் மூன்றாவது தூண். கால் தானாக நின்றது. ஒரே ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் மனசுக்குள் சொன்னான்: 'செத்துத் தொலைடா.'

"ம்" என்றது காதோரம்.

சுண்ணாம்பு நாறும் மூச்சு.

கைவிளக்கைக் கீழே எறிந்துவிட்டு ஓடினான். "ஓடு, ஓடு, வந்து வெச்சுக்கிறேன்" என்று அண்ணன் கத்தினான். கத்திவிட்டு மறுபடி எண்ணினான். அவனுக்குப் படம்தான் பெரிசு.

மழையில் காவல்காரர் மேல் போய் விழுந்தான் தம்பி. அவர் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. நூற்று இருபது... நூற்று இருபத்தொன்று...

பானை உடைகிற சத்தம்.

நூற்று இருபத்து...

இன்னொன்று. பிறகு ஈரச் சத்தம். சேற்றில் அடிக்கிற மாதிரி. ஐந்தாறு தடவை. பிறகு ஒன்றுமில்லை... மழை மட்டும்.

அப்புறம் எண்ணிக்கை தொடர்ந்தது. நூற்று நாற்பது... நூற்று நாற்பத்தொன்று... நிதானமாக. ஆனால் அது அண்ணனின் குரல் இல்லை. தம்பியின் குரல். காவல்காரர் தன் கைப்பிடிக்குள் இருந்த தம்பியின் வாயைப் பார்த்தார். வாய் மூடியிருந்தது.

நானூற்று எண்பது வரை முழுசாக எண்ணி முடித்தது. க்ளிக்.

உள்ளே போனார்கள். காமிராவருகே நின்ற அண்ணன் மூன்றாவது தூணடியில் கிடந்தான். சட்டையை வைத்துத்தான் அவன் என்று தெரிந்தது. முகம் என்று ஒன்று மிச்சமில்லை. திரையில் படம் வந்திருந்தது. கிடக்கிறவன் பக்கத்தில் ஒருவன் நேராகக் காமிராவைப் பார்த்து நிற்கிறான். சுத்தியல் தொங்குகிறது. கறுப்புச் சட்டையின் பொத்தானைக்கூட எண்ணலாம். பாதிப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

காவல்காரர் சாட்சி சொன்னதால் தம்பியை விட்டுவிட்டார்கள். போன மாதம் நம் வேலையிடத்துக்கே வந்து சேர்ந்தான். அடையாள அட்டைக்கு நான்கு தடவை படம் எடுத்தார்களாம். அட்டையைக் குள்ளன் எனக்குக் காட்டினான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெயர் இருக்கிறது. எண் இருக்கிறது. படத்தில் ஆள் இல்லை. நம் அலுவலகச் சுவர் நீலம்தானே? அட்டையில் இருப்பது வெள்ளைத் தூண். தலை உயரத்தில் ஒரு கறை.

அவன் எங்கேயும் நிற்பதில்லை. சோற்றைக்கூட நடந்துகொண்டேதான் தின்கிறான். ராத்திரி பூராவும் நம் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வருவது அவன்தான். அந்தச் சரளைச் சத்தம் அதுதான். பயப்படாதீர்கள். நடக்கிற வரைக்கும் ஒன்றுமில்லை.

...ஏய், பேசாதே. கொஞ்சம் கேள்.

சத்தம் நின்று எவ்வளவு நேரமாகிறது?