கீர்த்தி டிவியின் மூடுவிழாவில் கோகிலவாணி சொல்ல வேண்டிய நன்றியுரை

விழாத் தலைவரும், கீர்த்தி டிவியைப் பெற்றெடுத்தவரும், இன்றோடு அதை அடக்கம் செய்ய நாள் குறித்தவருமான அண்ணன் கிருஷ்ணப்பன் அவர்களே, அவருக்கு மாலை போட ஏறி மேடையிலேயே அமர்ந்துவிட்ட பெரியோர்களே, சீரியல் நேரத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் தாய்மார்களே, மைக்செட்டுக்குப் பின்னால் நின்றபடி தருமபுரியில் இருப்பதாகப் போனில் சொல்லிக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, இந்தக் கூட்டத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு இல்லங்களே, உங்கள் அனைவருக்கும் செய்தி வாசிப்பாளர் கோகிலவாணியின் பணிவான வணக்கம்.

நன்றியுரைக்கு எனக்கு இரண்டு நிமிடம் தந்திருக்கிறார்கள். நான் நன்றி சொல்லி முடித்ததும் அண்ணன் எழுந்து போய்ப் பொத்தானை அணைப்பார், நிலையம் நிரந்தரமாக நின்றுவிடும் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்திருக்கிறது. அதற்குக் கீழே சிற்றுண்டி உண்டு என்றும் அச்சடித்திருக்கிறது. உங்களில் பாதிப்பேர் எந்த வரிக்காக வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கே பிறந்தது இந்த நிலையம்? ஏரியூர் அரிசி ஆலையின் மாடியில், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் பிறந்தது. எத்தனை பேர் ஊழியர்கள்? மூன்றே பேர். அண்ணன் முதலாளி. நான் செய்தி. மற்றதெல்லாம் ஹபீப். கம்பம் ஏறுவதும் ஹபீப், கேமரா பிடிப்பதும் ஹபீப், சன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்து வானிலை அறிக்கை எழுதுவதும் ஹபீப். "மழ வந்தாலும் வருமுங்க" என்று எழுதித் தருவார். ஒருநாளும் பொய்த்ததில்லை.

மின்சாரம் போனாலும் நான் செய்தியை நிறுத்தியதில்லை. யாருக்கம்மா வாசிக்கிறாய் என்று சிரித்தார்கள். வாசிக்காமல் விட்டால் அன்று நடந்தது நடக்காமல் போய்விடுமே என்று எனக்குப் பயம். இருட்டில் மனப்பாடமாகச் சொல்லி முடித்துவிட்டு, வணக்கமும் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

சரி, நாற்காலிக் கதைக்கு வருகிறேன். "அதச் சொல்லுங்கக்கா" என்று வலது பக்கத்தில் கேட்கிறார்கள். சொல்லாமல் இறங்குவேனா?

சென்ற ஆண்டு வெங்கடாசலம் அவர்கள் மகளின் திருமணம். நேரலை. எங்கள் நிலையத்துக்கு ஒரு சட்டம் உண்டு. நேரலைக்கு முன் அண்ணன் பொத்தானுக்குக் கற்பூரம் காட்டுவார். காட்டிவிட்டால் நிகழ்ச்சி முடியும்வரை எவரும் அதைத் தொடக்கூடாது. அன்று அவசரத்தில் மண்டபக் காட்சிக்கான பொத்தானைப் போடாமலேயே, ஏற்கெனவே போட்டிருந்த செய்தி அறைப் பொத்தானுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். விளைவு? மண்டபத்தில் மேளம் முழங்குகிறது. ஊரெங்கும் டிவியில் நான் உட்காரும் நீல நாற்காலி காலியாகத் தெரிகிறது.

ஹபீப் கண்டுபிடித்து ஓடிவந்தார். "அண்ணா, சேரு மட்டுந்தானுங்க தெரியுது." அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "கற்பூரம் காட்டியாச்சுப்பா. இனிமே தொட முடியாது." "சாமி ஒண்ணும் நெனச்சுக்காதுங்கண்ணா." "நெனச்சுக்கிட்டா நீ பொறுப்பா?" ஹபீப் திரும்பிப் போய்விட்டார். மூன்று மணி நேரம், அன்பர்களே, முழுசாக மூன்று மணி நேரம், நாற்காலி.

வீட்டில் இருந்தவர்கள் அதை மாப்பிள்ளை நாற்காலி என்று நினைத்துக்கொண்டார்கள். முகூர்த்தம் போயிற்று, மாப்பிள்ளை வரவில்லை. ஓடிவிட்டான் என்று ஒரு தெரு. பெங்களூரில் ஏற்கெனவே குடும்பம் இருக்கிறது என்று மறு தெரு. ஆறுதல் சொல்ல அறுநூறு பேர் மண்டபத்துக்குத் திரண்டார்கள். அழுதுகொண்டே வந்தவர்கள் அப்படியே பந்தியில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்கே சோறு இல்லை. வெங்கடாசலம் ஐயா முன்வரிசையில் இருக்கிறார். இன்னும் முறைக்கிறார்.

இது சிரிக்க வேண்டிய கதைதான், சிரியுங்கள். ஆனால் அடுத்த வாரம் நடந்ததற்கு எவர் சிரித்தார்? மேட்டுத் தெருக் குள்ளம்மாள் காலிக் குடத்தோடு மாடியேறி வந்தார். "ஏம்மா, அந்தச் சேருல நான் செத்த நேரம் உக்காரலாமுங்களா?" எதற்கு என்று கேட்டேன். "எங்க தெருவுக்குத் தண்ணி வந்து பத்தொம்போது நாளாச்சு. சொல்லாத ஆளில்ல. சும்மா உக்காந்துட்டுப் போறேன்."

உட்கார்ந்தார். மடியில் குடம். பேசவில்லை, அழவில்லை, கேமராவைப் பார்த்தார். டீக்கடையில் பார்த்தார்கள், சலூனில் பார்த்தார்கள். தண்ணீர் திறந்துவிடுகிறவரும் சோற்றுத் தட்டோடு தன் வீட்டில் பார்த்தார். அவருடைய மனைவி ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, "அந்தம்மா உன்னையத்தான் பாக்குது. போயித் தொறந்துட்டு வந்து தின்னு" என்றாராம். இரண்டாவது மணி நேரத்தில் மேட்டுத் தெருவில் தண்ணீர் வந்தது.

கையில் போன் இருக்கும்போது இந்த நிலையம் எதற்கு என்று கேட்கிறார்கள். போனில் குள்ளம்மாள் வந்திருந்தால் தண்ணீர் திறந்துவிடுகிறவர் கட்டைவிரலால் தள்ளிவிட்டிருப்பார். கண்காணாத ஊரில் ஆயிரம் பேர் ஐயோ என்றிருப்பார்கள். தண்ணீர் திறக்கிறவர் எந்த ஊரில் இருக்கிறார்? நம் ஊரில். நம் ஊர் முகத்தை நம் ஊர்க் கண்ணுக்குக் காட்ட நமக்கு வேறு எது இருக்கிறது? நாளைக்கு இன்னொரு தெருவில் தண்ணீர் நின்றால், அந்தப் பெண்மணி குடத்தைத் தூக்கிக்கொண்டு எந்த மாடிக்கு ஏறுவார்?

எனக்குக் கோபமாக இருக்கிறது. மறைக்கவில்லை. ஆகவே அவையோரே, நான் நன்றி சொல்லப்போவதில்லை. நன்றியுரை இல்லாமல் நம் ஊரில் எந்தக் கூட்டமாவது முடிந்திருக்கிறதா? முடியாது. கூட்டம் முடியாமல் அண்ணன் பொத்தானைத் தொட முடியாது. நான் இப்படியே நிற்கிறேன்.

"அக்கா, போண்டா ஆறுதுங்க" என்கிறார் ஒருவர். ஆறட்டும்.

அண்ணன் ஏதோ சொல்கிறார். மைக்கில் சொல்லுங்கள் அண்ணா, நேரலையில் இருக்கிறோம். "எனக்கு முட்டி தேஞ்சுபோச்சும்மா. மாடியேற முடியல. மூடாம என்ன பண்றது?"

கேட்டீர்களா? இருபத்திரண்டு ஆண்டில் இதை எங்கள் இருவரிடமும் அவர் சொன்னதே இல்லை. கணக்குச் சரியில்லை, காலம் சரியில்லை என்றாரே தவிர, கால் சரியில்லை என்று சொல்லவில்லை. அண்ணா, ஏற முடியாதவர் ஏற வேண்டாம். ஏறுகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறோம். நிலையத்துச் சாவியை எங்களிடம் கொடுங்கள்.

யோசிக்கிறார். யோசிக்கட்டும், எனக்கு அவசரமில்லை.

தாய்மார்களே, சட்டைப்பையில் கை விடுகிறார். கண்ணாடி. மாத்திரை. சாவி. ஹபீப், கேமராவைக் கீழே வைத்துவிட்டு வந்து வாங்குங்கள், நான் மைக்கை விடமாட்டேன்.

அண்ணா, தவிட்டு மூட்டைக்கு நடுவில் என்னை உட்காரவைத்து, பேசும்மா, ஊர் கேட்கும் என்றீர்களே, அதற்கு நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.